சின்ன மரவேலைக்கு எந்த ஸ்ப்ரே கன்?

கேள்வி: அண்ணா, நான் கும்பகோணம் பக்கம். கடை வேலை முடிஞ்சு வந்து சாயங்காலத்துல மணைப்பலகை, சின்ன பூஜை மண்டபம், போட்டோ சட்டம்னு தேக்குல செய்யறேன். பளபளப்புக்குப் பூசற லாக்கரை பிரஷ்ல அடிச்சா கோடு கோடா நிக்குது. மாமா ஒரு பழைய 1 ஹெச்பி கம்ப்ரஸர் கொடுத்திருக்கார். கடையில 1.4 மி.மீ. நாசில் உள்ள பெரிய ஹெச்விஎல்பி கன்னைக் காட்டி இதையே எடுங்கன்னு சொல்றாங்க. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. கன் நல்ல கன்தான், ஆனா உங்க கம்ப்ரஸரால அதுக்குத் தீனி போட முடியாது. ஹெச்விஎல்பிங்கறது கம்மி பிரஷர்ல நிறைய காத்து ஊதுற கன், மூக்கு நுனியில 10 பிஎஸ்ஐக்கு மேல போகாது, அதனாலதான் மருந்து, அதாவது லாக்கர், பறந்து வீணாகாம மரத்து மேலயே உக்காருது, ஆனா பெரிய சைஸ் கன்னுக்கு நிமிஷத்துக்கு 10 கன அடி (இதைத்தான் சிஎஃப்எம்னு போடுவாங்க), அதுக்கும் மேலயே காத்து வேணும். உங்க 1 ஹெச்பி மெஷின் தகடுல 4 சிஎஃப்எம் பக்கம் போட்டிருப்பாங்க, அதுவும் பிஸ்டன் உள்ள இழுக்கிற காத்தோட கணக்கு, ஓஸ் வழியா உண்மையில வெளிய வர்றது அதை விடக் கம்மி. முதல் அரை நிமிஷம் அருமையா அடிக்கும், அப்புறம் டேங்க்ல காத்து இறங்கிடும், மருந்து பொடியா உடையாம சொட்டு சொட்டா விழும், காஞ்ச பிறகு பாத்தா ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கும். நீங்க கன்னைத்தான் குறை சொல்வீங்க.

உங்க வேலைக்கு மேல கப் வச்ச சின்ன கன் போதும், கடையில டச்சப் கன், மினி கன்னு கேட்டாலே தருவாங்க. நாசில் 1.0 எடுத்துக்கங்க, தின்னர் கலந்த லாக்கருக்கு நல்லா போகும். லாக்கருக்கு முன்னாடி மரத்து துளையை அடைக்கப் பூசற சீலர் கொஞ்சம் கெட்டி, அதுக்கு தின்னர் கூட விடணும். கீழ கப் தொங்குற பழைய மாடல் மலிவா கிடைக்கும், பெரிய கதவு, கட்டில்னா சரி, ஆனா அது மருந்தை உறிஞ்சி மேல இழுக்கவே பிரஷர் கூட வேணும், கப்போட அடியில கொஞ்சம் மிச்சம் நிக்கும், நூறு மில்லி கலந்து ஒரு மணைப்பலகை அடிக்கிற ஆளுக்கு அது ஒத்து வராது. மேல கப்னா கடைசிச் சொட்டு வரைக்கும் தானா இறங்கிடும்.

வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க. விசிறி மாதிரி விரியற ஸ்ப்ரேயைக் குறைச்சு வட்டமா ஆக்குற திருகு தனியா இருக்கணும், மண்டபத்துத் தூண், சட்டத்தோட ஓரம் எல்லாத்துக்கும் அது இல்லாம முடியாது. இன்னொன்னு, அந்தக் கன்னுக்கு வாஷர், ஊசி, நாசில் உங்க ஊர்லயே கிடைக்குதான்னு கேளுங்க. பைலட் பிராண்டு மாதிரி நம்ம ஆளுங்க காலங்காலமா பிடிக்கிற கன்னுக்கு பார்ட்ஸ் தேடி அலைய வேண்டியதில்ல.

அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு அட்டையை நிமிர்த்தி வச்சு, ஆறேழு அங்குலம் தள்ளி நின்னு ஒரே ஒரு தடவை ட்ரிகரை அமுக்கி விடுங்க. நடுவுல திட்டா கனமா விழுந்தா மருந்து கெட்டி, இல்ல காத்து பத்தல. ரெண்டு முனையும் தடிச்சு நடுவுல ஒல்லியா டம்பெல் மாதிரி வந்தா காத்து அதிகம். பிறை மாதிரி ஒரு பக்கம் வளைஞ்சா கன் மூக்குல இருக்கிற ஏர் கேப்போட (காத்து மூடி) காத்து ஓட்டை அடைச்சிருக்கு, பல்குச்சியால எடுங்க, கம்பி விடாதீங்க, ஓட்டை பெருசாயிட்டா அந்த மூடி அவ்வளவுதான். ரெகுலேட்டர் பிரஷரை ட்ரிகரை அமுக்கிக்கிட்டே வைக்கணும், சும்மா இருக்கும்போது காட்டுற எண் வேற.

கேள்வி: ஐயா, மயிலாடுதுறையிலேர்ந்து எழுதறேன். ஐப்பசி மழையில லாக்கர் அடிச்சா வெள்ளையா பூத்துடுது. கன் கோளாறா?

பதில்: கன்னு மேல தப்பில்லைங்க. தின்னர் வேகமா ஆவியாகும்போது மரத்தோட மேல்பரப்பு குளுந்து போகுது, வயல்ல எல்லாம் தண்ணி நிக்கிற நம்ம ஊர் மழைக்காலத்துல காத்துல இருக்கிற ஈரம் அந்தக் குளிர்ச்சியில படிஞ்சு லாக்கருக்குள்ளயே மாட்டிக்குது, அதான் வெள்ளை. மெதுவா காயற தின்னர், ரிடார்டர்னு கேட்டு கொஞ்சம் சேருங்க, காலையில அவசரப்படாம வெயில் ஏறின பிறகு அடிங்க. ஏற்கெனவே பூத்திருந்தா தேய்ச்சு எடுக்க வேண்டாம், அதே ரிடார்டரை மேல லேசா ஒரு பூச்சு விட்டா பெரும்பாலும் தெளிஞ்சிடும்.

கம்ப்ரஸர் டேங்க்ல தேங்குற தண்ணியைத் தினமும் அடி வால்வைத் திறந்து விட்டுடணும். அதோட காத்துல வர்ற தண்ணியைப் பிரிச்செடுக்கிற வாட்டர் செபரேட்டர் கட்டாயம் போடுங்க, நம்ம பக்கத்துல கன்னுக்கு அடுத்த செலவு அதுதான்னு வச்சுக்கங்க. அது இல்லைன்னா லாக்கர்ல குழி குழியா விழும்.

கேள்வி: தஞ்சாவூர் ஓவியத்துக்கு தேக்குச் சட்டம் போடறேன். கம்ப்ரஸர் இல்லாத கரண்ட் ஸ்ப்ரே கன் போதுமா? பியூ (பாலியூரிதேன் பூச்சு) அடிக்கலாமா?

பதில்: சட்டத்துக்குப் போதும்மா, ஆனா மலிவான மாடல்ல துளி பெருசா விழும், பளபளன்னு கண்ணாடி மாதிரி வேணும்னா கடைசி பூச்சுக்கு முன்னாடி நைஸ் உப்புத்தாள் போடணும். தேக்குல எண்ணெய் இருக்கும், சீலருக்கு முன்னாடி தின்னர் நனைச்ச துணியால ஒரு தடவை துடைச்சிடுங்க. தங்க ரேக்கு ஒட்டின படத்தை மாட்டறதுக்கு முன்னாடியே சட்டத்தைத் தனியா அடிச்சுக் காய விடுங்க. பியூ அடிக்கலாம், ஆனா அதை இறுக வைக்கக் கலக்கிற ஹார்ட்னர்ல ஐசோசயனேட்ங்கற ரசாயனம் இருக்கு, நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல், துணி மாஸ்க் கட்டினா நிக்காது. ஆவியை வடிகட்டுற காட்ரிட்ஜ் வச்ச மாஸ்க் போட்டு, காத்தோட்டமான கொட்டகையில, அடுப்பு பக்கத்துல இல்லாம அடிங்க, குழந்தைங்களை அந்தப் பக்கமே விடாதீங்க. மாஸ்க் வாங்குற வரைக்கும் சாதா லாக்கரே போதும், அதுக்கும் சன்னல் கதவெல்லாம் திறந்தே இருக்கட்டும்.