எங்கே வேண்டுமானாலும் ஆடுவார், சரி, எங்கே ஆடுவார்? (என்எஃப்எல் டிராஃப்ட் கேள்வி பதில்)

அமெரிக்கன் ஃபுட்பாலில் சேஃப்டியா (பின்னால் ஆழத்தில் நிற்பவர்), லைன்பேக்கரா (நடுவில் நிற்பவர்), ஸ்லாட் கார்னரா (பந்து பிடிக்க வரும் உள்பக்க ரிசீவரைக் காப்பவர்) என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாத கல்லூரி டிஃபெண்டர்கள் வருஷத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். அவர்களை டிராஃப்டில், அதாவது என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், எவ்வளவு மேலே எடுக்கலாம் என்பதுதான் இன்றைய விஷயம். கேள்வி கேட்கும் முன் இரண்டு வேண்டுகோள்: 40 கஜ ஓட்ட நேரத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஹைலைட் வீடியோ அனுப்பாதீர்கள்.

சென்னையிலிருந்து: கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் சார். இது ஆல்ரவுண்டர் மாதிரிதானே? எல்லா அணியும் போட்டி போட்டு எடுக்க வேண்டாமா?

அந்த ஒப்பீடுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஆல்ரவுண்டர் மட்டையும் பிடிப்பார், பிறகு பந்தும் வீசுவார்; ஒரே ஆட்டத்தில் இரண்டு ஆள் வேலை. இங்கே ஒரு பிளே ஐந்தாறு நொடியில் முடிந்துவிடும். அந்த நொடிகளில் அவர் ஒரு வேலைதான் செய்ய முடியும். பிளிட்ஸ் போனால், அதாவது பந்தை வீசும் குவாட்டர்பேக் மேல் பாய்ந்தால், டைட் எண்டை (தடுப்பதோடு பந்தும் பிடிக்கும் ஆளை) யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். டைட் எண்டோடு ஓடினால் பிளிட்ஸுக்கு வேறு ஆள் வேண்டும்.

அப்படியானால் லாபம் எங்கே? ஸ்னாப்புக்கு, அதாவது பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு, முன்னால் இருக்கிறது. அவர் எங்கே போகப்போகிறார் என்று எதிரணி குவாட்டர்பேக்கால் ஊகிக்க முடியாது. இன்னொன்று, எதிரணி இரண்டு டைட் எண்டை இறக்கினாலும் மூன்று ரிசீவரை இறக்கினாலும் நீங்கள் ஆளை மாற்ற வேண்டியதில்லை. இன்றைக்கு என்எஃப்எல் அணிகள் பாதிக்கும் மேலான ஸ்னாப்களை ஐந்து டிஃபென்சிவ் பேக்குகளோடு (சேஃப்டிகளும் கார்னர்களும்), அதாவது நிக்கலில்தான் ஆடுகின்றன. இந்த மாதிரி ஆளுக்கு மவுசு கூடியதற்கு அதுதான் காரணம்.

ஹூஸ்டனிலிருந்து: 4.4 நொடிக்குள் ஓடினால் தைரியமாக எடுக்கலாம் அல்லவா?

மேலே என்ன எழுதியிருக்கிறேன்? சரி, ஒரே ஒரு முறை. 2020 கம்பைனில் (டிராஃப்டுக்கு முன் நடக்கும் திறன் சோதனை) கிளெம்சன் வீரர் ஐசேயா சிம்மன்ஸ் 4.39 ஓடினார், அதுவும் 238 பவுண்டு எடையோடு. 2022இல் நோட்ர டேம் வீரர் கைல் ஹாமில்டன் 4.59. முன்னவர் எட்டாவதாகப் போனார், பின்னவர் பதினான்காவதாக. இப்போது யார் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து: அண்ணா, சிம்மன்ஸ் பெயரை எடுத்துவிட்டீர்கள். சொல்லுங்கள், கெடுத்தது கார்டினல்ஸ் அணிதானே?

கொஞ்சம் பெரிய பதில்.

கிளெம்சனில் பயிற்சியாளர் பிரெண்ட் வெனபிள்ஸின் டிஃபென்ஸில் சிம்மன்ஸ் செய்யாத வேலை இல்லை. ஸ்லாட்டில் நிற்பார், பாக்ஸுக்குள் (பந்துக்கு எதிரே உள்ள நெரிசலில்) லைன்பேக்கராக இருப்பார், ஆழத்தில் சேஃப்டியாக நிற்பார், ஓரத்திலிருந்து குவாட்டர்பேக்கைத் துரத்தும் பாஸ் ரஷ்ஷும் போவார். 2019இல் நாட்டிலேயே சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது அவருக்குத்தான். கம்பைனில் எந்த இடத்தில் ஆடுவீர்கள் என்று கேட்டதற்கு "டிஃபென்ஸ்" என்றார். எல்லோரும் ரசித்தார்கள். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது.

கல்லூரி மைதானத்தில் பந்தை வைக்கும் எல்லையான ஹாஷ் கோடுகளுக்கு நடுவே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் மறுபக்கம் பெரிய வெளி கிடக்கும். அந்த வெளியில் நின்று ஓட்டத்தையும் பாஸையும் சேர்த்துக் காவல் காக்க நீளமான, வேகமான ஒருவர் இருந்தால் அவர் தங்கம். என்எஃப்எல்லில் அந்த வெளியே சுருங்கிப்போகிறது. கல்லூரியில் அவர் முழுநேரமாகப் பார்த்த வேலை மேலே வந்ததும் அரை வேலை ஆகிவிடுகிறது.

அரிசோனா கார்டினல்ஸ் என்ன செய்தது? பாக்ஸுக்குள் இன்சைட் லைன்பேக்கராகக் கொண்டுபோய் நிறுத்தியது. 2020 கொரோனா வருஷம். பயிற்சி ஆட்டம் ஒன்றுகூட இல்லை. நேராக முதல் வாரம் 49எர்ஸோடு மோதல். ரஹீம் மோஸ்டர்ட் 76 கஜ டச்டவுன் பிடித்து ஓடினார், பின்னால் துரத்தியது சிம்மன்ஸ். அதன்பிறகு ஸ்னாப்கள் குறைந்தன. அக்டோபரில் சீஹாக்ஸுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் ரசல் வில்சன் பந்தை அவர் பறித்துத்தான் அந்த ஆட்டம் 37-34 என்று கைக்கு வந்தது. அன்றைக்கும் களத்தில் இருந்தது வெகு சில ஸ்னாப்களே.

ஆக, அணி மேல் தப்பு உண்டு. ஆனால் முழுத் தப்பும் அங்கே இல்லை. பாக்ஸுக்குள் நின்று எதிரணித் தடுப்பாளரான கார்டு எந்தப் பக்கம் காலை எடுத்து வைக்கிறார் என்று படித்து உடனே கிளம்புவது ஒரு தனி வித்தை. சிம்மன்ஸ் அதில் அரை நொடி தாமதம். கிளெம்சனில் அந்த அரை நொடியை வேகம் மறைத்துவிட்டது.

டெட்ராய்ட்டிலிருந்து: இந்த வருஷம் எங்கள் கல்லூரியில் ஒரு பையன் இருக்கிறான், 6 அடி 3. அவன்தானே அடுத்த கைல் ஹாமில்டன்?

இல்லை.

மயாமியிலிருந்து: மின்கா ஃபிட்ஸ்பேட்ரிக்கை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

நல்ல கேள்வி. அலபாமாவில் எல்லா இடத்திலும் ஆடியவர். 2018இல் டால்ஃபின்ஸ் பதினோராவதாக எடுத்தது. அடுத்த வருஷம் புதுப் பயிற்சியாளர் வந்து அவரை இங்கும் அங்கும் நகர்த்த, அது பிடிக்கவில்லை. அவர் அம்மாவே ட்விட்டரில் வந்து பேசினார். பலரும் கிண்டல் செய்தார்கள். செப்டம்பர் 2019இல் ஒரு முதல் சுற்றுத் தேர்வுக்கு ஈடாக ஸ்டீலர்ஸுக்குப் போனார். அங்கே ஃப்ரீ சேஃப்டி என்று ஒரே இடம் கொடுத்தார்கள். அதே வருஷம் ஆல்-ப்ரோ, அதாவது லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியலில் இடம். மறு வருஷமும். அந்த அம்மா பல ஸ்கவுட்களைவிட விவரமானவர்.

ஃபீனிக்ஸிலிருந்து, மறுபடியும்: நீங்களே சொல்கிறீர்கள், ஒரே இடம் கொடுத்தால் ஜெயிப்பார் என்று. சிம்மன்ஸுக்கு அதைக் கொடுக்கவில்லையே! அப்புறம் எப்படி அவர் மேல் பழி?

கொடுத்தார்கள் தம்பி. லைன்பேக்கர் என்றுதானே கொடுத்தார்கள்? அது தப்பான இடம். ஒரே இடம் என்பது மட்டும் போதாது, சரியான இடமாகவும் இருக்க வேண்டும். சிம்மன்ஸுக்கு எது சரியான இடம் என்று டிராஃப்டுக்கு முன்னால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எட்டாவது தேர்வைக் கொடுத்து வாங்கும் ஆளைப் பற்றி அது தெரியாமல் இருக்கலாமா? 2023இல் ஐந்தாம் வருஷ ஒப்பந்த உரிமையை வேண்டாம் என்று விட்டார்கள், சேஃப்டிக்கு மாற்றினார்கள், ஆகஸ்டில் ஒரு ஏழாம் சுற்றுத் தேர்வுக்கு ஜெயன்ட்ஸிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஆன் ஆர்பரிலிருந்து: ஃபீனிக்ஸ்காரர் சொல்வதுதான் சரி. எங்கள் மிச்சிகன் வீரர் ஜப்ரில் பெப்பர்ஸுக்கும் இதே கதி. பிரவுன்ஸ் அவரைப் பார்வைக்கே எட்டாத தூரத்தில் நிறுத்தினார்களே!

வந்துவிட்டீர்களா, இரண்டு பேர் சேர்ந்துவிட்டீர்கள். கிரெக் வில்லியம்ஸ் 2017இல் அவரை 20 கஜத்துக்கும் பின்னால் நிறுத்தியது கூத்துதான், ஒப்புக்கொள்கிறேன். பந்துக்குப் பக்கத்தில் ஆட வேண்டியவர் அவர். ஆனால் மிச்சிகனில் அவர் மொத்தமாகப் பறித்த பந்து ஒன்றே ஒன்று. 2016 ஹைஸ்மன் (சிறந்த கல்லூரி வீரர் விருது) ஓட்டில் ஐந்தாவதாக வந்ததற்குப் எதிரணி உதைத்த பந்தை எடுத்து ஓடும் பன்ட் ரிட்டர்னும் அஃபென்ஸில் ஆடியதும் பெரிய காரணம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துப் பிரமித்தார்கள். டிஃபென்ஸை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. 25ஆவது தேர்வுக்கு மோசமில்லாத வீரர். பெயருக்கு இருந்த சத்தத்துக்குக் குறைவு, அவ்வளவே.

டல்லஸிலிருந்து: மைக்கா பார்சன்ஸ்?

இதைத்தான் எதிர்பார்த்தேன். பென் ஸ்டேட்டில் லைன்பேக்கர். 2021இல் கௌபாய்ஸ் எடுத்தது, பன்னிரண்டாவது தேர்வு. ஓரத்தில் ஆடும் டிமார்கஸ் லாரன்ஸுக்குக் காயம் என்பதால் ஓரத்தில் நிறுத்தினார்கள். 13 சாக் (குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தியது), அந்த வருஷத்தின் சிறந்த புது டிஃபென்ஸ் வீரர். "எங்கும் ஆடுவார்" என்று எடுத்தவரின் உண்மையான இடம் தற்செயலாகத் தெரியவந்தது.

காசையும் பாருங்கள். ஆகஸ்ட் 2025இல் ஹாமில்டன் ரேவன்ஸோடு நான்கு வருஷத்துக்கு 100.4 மில்லியன் டாலர் கையெழுத்திட்டார். அப்போது சேஃப்டிகளில் அதுவே உச்சம். அதே மாதம் பார்சன்ஸுக்கு பேக்கர்ஸ் கொடுத்தது 188 மில்லியன், அதுவும் நான்கு வருஷத்துக்குத்தான். புதுமுக ஒப்பந்தத்தில் சம்பளம் இடத்தைப் பொறுத்தது இல்லை, எத்தனையாவது தேர்வு என்பதைப் பொறுத்தது. ஆகவே ஐந்தாவது தேர்வில் சேஃப்டியை எடுத்தால் மிச்சம் குறைவு, பாஸ் ரஷரை எடுத்தால் மிச்சம் அதிகம். நல்ல சேஃப்டிகள் டிராஃப்டில் சரிவது திறமைக் குறைவால் இல்லை, இந்தக் கணக்கால்.

கொலம்பியாவிலிருந்து (தென் கரோலினா): நிக் எமன்வோரி 4.38 ஓடினாரே, 35ஆவதாகத்தானே போனார்...

ஓட்ட நேரம் வேண்டாம் என்றேன். எழுதிய பிறகும் வருகிறது. ஆனால் அவரைத் தேர்வு வரிசையில் மேலேறி வந்து எடுத்தது மைக் மெக்டொனால்டின் சீஹாக்ஸ். ரேவன்ஸில் ஹாமில்டனை நிக்கலிலும் ஆழத்திலும் பிளிட்ஸிலும் பயன்படுத்தியவர் இதே மெக்டொனால்ட்தான். 2023இல் கோல்ட்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஹாமில்டனுக்கு மூன்று சாக். என்ன வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்று தெரிந்த பயிற்சியாளர். அதைப் பாருங்கள், கடிகாரத்தை விடுங்கள்.

சான் ஹோசேயிலிருந்து: டிராவிஸ் ஹன்டர்?

ரிசீவராகவும் ஆடுபவர். அது வேறு வழக்கு, வேறொரு நாள்.

ஃபீனிக்ஸிலிருந்து: வெனபிள்ஸ் மாதிரி ஒருவர் கையில் கிடைத்திருந்தால்...

கிடைக்கவில்லை. அடுத்த கேள்வி.

லண்டனிலிருந்து: எங்களைப் போல டிவியில் மட்டும் பார்ப்பவர்கள் ஒரு கல்லூரி வீரரிடம் எதைக் கவனிக்கலாம்?

மூன்றாவது டவுனை (பத்து கஜம் போகக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதை) விட்டுவிடுங்கள். அங்கே எல்லோரும் அழகாகத்தான் தெரிவார்கள். முதல் டவுன், பத்து கஜம், ஓட்டமா பாஸா தெரியாத நேரம்: அவர் எங்கே நிற்கிறார்? ப்ளே-ஆக்‌ஷன் (ஓட்டம் போலப் பாவனை) காட்டினால் எத்தனை அடி முன்னால் ஏமாந்து போகிறார்? தன்னைவிட எண்பது பவுண்டு கூடிய கார்டு வந்து மோதும்போது பிடியை உதறுகிறாரா, சுற்றிக்கொண்டு ஓடுகிறாரா? பாஸ் என்று தெரிந்ததும் இடுப்பைத் திருப்ப எத்தனை அடி எடுத்துக்கொள்கிறார்?

பிரையன் பிராஞ்சை அலபாமாவில் இப்படிப் பார்த்திருந்தால் ஸ்லாட்டில் நிறுத்த வேண்டியவர் என்று இரண்டே ஆட்டத்தில் தெரிந்திருக்கும். 4.58 ஓடினார் என்று முதல் சுற்றில் 31 முறையும் கைவிட்டார்கள். லயன்ஸ் 2023இல் 45ஆவதாக எடுத்து அந்த இடத்திலேயே நிறுத்தியது. முதல் ஆட்டத்திலேயே குவாட்டர்பேக் மஹோம்ஸ் வீசியதைப் பறித்து 50 கஜம் ஓடி டச்டவுன்.

ஹூஸ்டன்காரரே, உங்கள் அடுத்த கேள்வியும் வந்திருக்கிறது. அதில் 4.4 என்ற எண்ணைப் பார்த்ததும் மூடிவிட்டேன்.