வேலையோடு பொறியியல் பட்டம்: வடமராட்சியிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: எனக்கு வயது 36. வடமராட்சியில் ஒரு பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி போதவில்லை. பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் சிவில் பிரிவில் சான்றிதழ் எடுத்தேன். இரண்டு பிள்ளைகள். வேலையை விடாமல் பட்டம் எடுத்துப் பொறியியலாளராக வழி உண்டா? இந்த வயதில் கணிதம் மண்டையில் ஏறுமா?

பதில்:

வழி உண்டு தம்பி. ஆனால் நீங்கள் வயதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு கணக்கு: கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் உங்கள் கையில் இருக்கிறது?

இலங்கையின் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. வகுப்பு, வீட்டில் படிப்பது, ஒப்படை, பரீட்சைக்கு ஆயத்தம் எல்லாம் அதற்குள் அடக்கம். சிறப்புப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். பெருக்கினால் 6,000 மணித்தியாலம். முழுநேர மாணவன் வருடத்துக்கு 30 கிரெடிட் வீதம் நான்கு வருடத்தில் முடிக்கிறான். நீங்கள் வருடத்துக்கு 15 கிரெடிட் எடுத்தால் எட்டு வருடம், கிழமைக்குப் பதினான்கரை மணித்தியாலம். அதாவது வேலை நாட்களில் காலை நாலரைக்கு எழும்பி ஆறு மணி வரை, சனி ஞாயிறில் மூன்றரை மணித்தியாலம் வீதம். 20 கிரெடிட் எடுத்தால் ஆறு வருடம், ஆனால் கிழமைக்கு 19 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டாவது கணக்கை நான் சொல்லமாட்டேன்.

எட்டு வருடம் கழிந்தால் உங்களுக்கு 44 வயது. 60 வயது ஓய்வு என்றால் அதற்குப் பிறகும் 16 வருடச் சேவை இருக்கிறது. அது சின்னக் காலம் இல்லை.

சரி, எங்கே படிப்பது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அது முழுநேரப் படிப்பு, உங்களுக்குச் சரிவராது. உங்களுக்கு ஏற்றது 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். அங்கே சேர இசட் புள்ளி தேவையில்லை. கொக்குவிலில் பிராந்திய நிலையம் இருக்கிறது. கட்டணமும் எடுக்கும் பாடங்களுக்கு ஏற்றபடிதான், ஆகவே ஒரு வருடம் கை இறுகினால் பாடத்தைக் குறைத்துக்கொள்ளலாம். உங்களுடைய சிவில் சான்றிதழுக்கு ஏதாவது பாடவிலக்கு, அதாவது சில பாடங்களைப் படிக்காமல் விட அனுமதி, கிடைக்குமா என்பதைப் பதியும்போதே எழுத்தில் கேளுங்கள்.

தேசிய தொழில் தகைமை 5 அல்லது 6 உள்ளவர்களுக்கு இரத்மலானையில் யூனிவோடெக் என்ற தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே வார இறுதி வகுப்பில் படிக்கலாம். உங்களிடம் உயர்தரச் சித்தி இருப்பதால் அந்தப் பக்கம் சுற்றிப் போகத் தேவையில்லை.

சேருவதற்கு முன் ஒரு விடயத்தில் தெளிவு வேண்டும். 'பொறியியல்' என்ற சொல் உள்ள பட்டமெல்லாம் ஒன்றல்ல. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள 1989இல் உருவான வொஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் முழு உறுப்பினரானது. அந்தத் தரத்துக்கு அங்கீகாரம் பெற்ற நான்காண்டு மட்டத்துப் பட்டம்தான், பிறகு அனுபவத்தையும் தொழில்சார் மதிப்பீட்டையும் சேர்த்துப் பட்டயப் பொறியியலாளராகும் நேர்வழி. பொறியியல் தொழில்நுட்பப் பட்டங்கள் வேறு தரம். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டமும் பட்டயப் பொறியியலாளர், இணைப் பொறியியலாளர், டிப்ளோமாக்காரர் என்று தனித்தனி வகுதியாகவே பதிகிறது. அங்கீகாரம் துறைக்குத் துறை, ஆண்டுக்கு ஆண்டு கொடுக்கப்படுவது. ஆகவே 'எங்கள் பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது' என்ற பதில் போதாது. சிவில் துறைக்கு, நீங்கள் சேரும் அணிக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பட்டத்தை வார இறுதியில் தருகிறோம் என்று வரும் தனியார் விளம்பரங்களிடமும் இதையே கேளுங்கள். இங்கிலாந்திலேயே பட்டயப் பொறியியலாளராக, இளமாணிப் பட்டத்துக்கு மேல் முதுமாணி மட்டத்துப் படிப்பும் எதிர்பார்க்கிறார்கள்.

அரச சேவையில் மேலே போவதுதான் நோக்கம் என்றால், இலங்கைப் பொறியியல் சேவையின் சேவைப் பிரமாணக் குறிப்பை முதலில் எடுத்து வாசியுங்கள். எந்தப் பட்டம் ஏற்கப்படும், வயதெல்லை என்ன, உள்ளே இருப்பவர்களுக்குத் தனிப் பரீட்சை உண்டா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பட்டத்தை முடித்த பிறகு அதைத் தேடிப் படித்துக் கண்கலங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இனிக் கணிதம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வயதில் மூத்தவர்கள் பயந்து பின்வாங்குவது இங்கேதான். யன்னலுக்கு மேலே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் சிலாப்பில் கம்பியை மேல்பக்கம் கட்டவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கீழே கட்டிய மேசனைத் திட்டியும் இருப்பீர்கள். அந்தச் சிலாப்பு ஒரு மீற்றரிலிருந்து ஒன்றரை மீற்றரானால் சுவரடியில் வரும் வளைவுத் திருப்பம் (பாரத்தைத் தூரத்தால் பெருக்கி வருவது) ஒன்றரை மடங்கு ஆகாது, இரண்டேகால் மடங்காகும். நீளம் கூடும்போது பாரமும் கூடுகிறது, அந்தப் பாரம் சுவரிலிருந்து தள்ளியும் போகிறது. ஒவ்வொரு சிறு துண்டின் பாரத்தையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் நீளத்தின் வர்க்கம் வந்து நிற்கும். அந்தக் கூட்டல்தான் தொகையீடு. பத்தொன்பது வயதுப் பிள்ளை அதை மனப்பாடம் செய்கிறது. நீங்கள் வெடித்த சிலாப்பைக் கண்ணால் பார்த்தவர், உங்களுக்கு அது மறக்காது. மூத்த மாணவர்களுக்குக் கற்பிக்க எனக்குப் பிடிப்பதே இதனால்தான்.

ஆனால் கை பழகியிருக்காது, அது உண்மை. பதிவதற்கு ஆறு மாதம் முன்பே உயர்தர இணைந்த கணிதத்தைத் தூசி தட்டி எடுங்கள். வகையீடு, தொகையீடு, சிக்கலெண், காவி, நிலையியல். ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு, விடையைப் பாராமல். படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால் ஒரு கொப்பியில் இரு பக்கமும் எழுதி வையுங்கள்: டிபரன்சியேசன் என்று வருவது நீங்கள் படித்த வகையீடுதான், மேட்ரிக்ஸ் என்பது தாயம்தான். முதல் வருடம் பலரை இழுத்து விழுத்துவது கணக்கைவிட இந்தச் சொற்கள்தான்.

இன்னொன்று, ஒப்படை. திறந்த கல்வி முறையில் வருடத்துக்குள் செய்யும் ஒப்படைகளிலும் சிறு பரீட்சைகளிலும் போதிய புள்ளி இருந்தால்தான் இறுதிப் பரீட்சைக்கு இருக்க விடுவார்கள். மாணவர்கள் அதை 'எலிஜிபிலிட்டி' என்பார்கள். நானும் வேலை செய்துகொண்டு படித்தவன். பரீட்சைக்கு முதல் மாதம் இருந்து பிடித்துவிடலாம் என்று நினைத்து ஒப்படைகளை விட்டு, ஒரு முழு வருடத்தை இழந்தேன். அந்த வருடம் இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது. நீங்கள் பாடப்பொதி கையில் கிடைத்த அன்றே திகதிகளைக் கலண்டரில் சிவப்பால் குறித்துவிடுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்காக எந்தத் திகதியும் தள்ளிப் போகாது.

ஆய்வுகூட வகுப்புகளுக்கு, திறந்த பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் இருக்கும் கொழும்புப் பக்கத்து நாவலவுக்குப் போகவேண்டி வரும். கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீற்றர். வெள்ளி இரவு பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை அலுவலகம் போகவேண்டும். இந்தச் செலவையும் லீவையும் கட்டணத்தோடு சேர்த்தே கணக்கிடுங்கள். சபைச் செயலாளரிடம் படிப்பைப் பற்றி முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியைச் சுயவிவரக் கோவையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மனைவியிடம் இந்த எட்டு வருடக் கணக்கை மறைக்காமல் பேசுங்கள். நீங்கள் நாலரைக்கு எழும்பினால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தும் வேலை யார் தலையில் விழும் என்பதை இருவருமாக இருந்து முடிவெடுங்கள். இந்த ஒரு பேச்சை விட்டதால் மூன்றாம் வருடத்தில் நின்றுபோனவர்கள் பலர்.

அடுத்த தடவை லீவு கிடைக்கும்போது உயர்தரப் பெறுபேற்றையும் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு கொக்குவிலுக்குப் போங்கள். சிவில் துறைக்கு அங்கீகாரம், பாடவிலக்கு, ஆய்வுகூட வகுப்பு எத்தனை நாள்: இந்த மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். அன்று இரவே கணிதக் கொப்பியைத் திறக்கலாம்.