மரம் அசையும், இடம் விடுங்கள்: வீட்டு மரவேலைக் கேள்வி பதில்

கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பாதிக்கு மேல் ஈரத்தில்தான் போய் முட்டுகின்றன. மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். வெட்டிப் பல வருஷம் ஆன மரமும் அப்படித்தான். நீளவாக்கில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. அகலவாக்கில்தான் எல்லாம் நடக்கும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அண்ணா, மழை நாளில் படுக்கையறைக் கதவு மாட்டிக்கொள்கிறது. தோளால் இடித்துத்தான் திறக்கிறோம். வெயில் வந்தால் தானாகச் சரியாகிவிடுகிறது. இழைப்புளி வாங்கி இழைத்துவிடலாமா?

இழைக்கலாம், ஆனால் அது கடைசி வேலை. முதலில் கதவைப் பாதி திறந்து, பூட்டு இருக்கும் பக்கத்து விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். லேசாக ஆடினால் கோளாறு மேல் கீலில் இருக்கிறது. கதவு தன் எடையால் மேல் கீலை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். அங்கே ஸ்க்ரூ தளர்ந்தால் பூட்டுப் பக்கம் தொங்கி, மேல் மூலை நிலையில் உரச ஆரம்பிக்கும். மழை நாளின் உப்பலும் சேர்ந்துகொள்ளும்போது கதவு மாட்டும். ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிடிக்காமல் சுற்றினால், நிலைக்காலின் தடிமனுக்குள் அடங்குகிற அளவுக்கு இன்னும் நீளமான ஸ்க்ரூவைப் போடுங்கள். பல வீடுகளில் வேலை இதோடு முடிந்துவிடும்.

கீல் ஆடவில்லையா, அப்போது உப்பல்தான். நிலையின் உள்விளிம்பு முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து, கதவை ஒருமுறை மூடித் திறங்கள். எங்கே உரசுகிறதோ அந்த இடத்தில் கதவில் வெள்ளை ஒட்டியிருக்கும். அங்கே மட்டும் சீவல் சீவலாக எடுங்கள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி கிடைத்தால் நிறுத்திவிடுங்கள். மழை நாளில் தாராளமாக இழைத்தால் கோடையில் அந்த இடுக்கு வழியே வெளிச்சம் தெரியும். மேல் விளிம்பை இழைக்க வேண்டி வந்தால் இரண்டு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கித் தள்ளுங்கள். ஓரத்தை நோக்கித் தள்ளினால், செங்குத்துச் சட்டத்தின் வெட்டு முனை (மரத்தின் இழைகள் குறுக்கே அறுபட்டுத் தெரியும் முனை) சிராயாகப் பிய்ந்துவிடும்.

அப்புறம், முக்கியமானது இதுதான். கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலான கதவுகளில் அந்த இரண்டு இடமும் வெறும் மரமாகவே இருக்கும், பெயின்ட் தொட்டிருக்காது. கண்ணில் படாத இடம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் மரம் வேறெங்கையும்விட வெட்டு முனை வழியாகத்தான் வேகமாக ஈரம் குடிக்கும். கதவைக் கழற்றி, நன்றாகக் காய்ந்த ஒரு நாளில் அந்த இரண்டு விளிம்புக்கும் வார்னிஷோ பெயின்ட்டோ இரண்டு கோட் கொடுங்கள். இழைத்த இடத்துக்கும் அன்றே அடித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் இழைத்துக்கொண்டே போனால் வருஷா வருஷம் இழைக்க வேண்டியதுதான்.

கீல் ஸ்க்ரூ துளை பெரிதாகிவிட்டது. நீளமான ஸ்க்ரூவுக்கும் இடமில்லை. தீக்குச்சியைச் சொருகலாம் என்கிறார்கள். அது நிற்குமா?

பசையோடு சொருகினால் நிற்கும், வெறுமனே சொருகினால் நிற்காது. பாரம் அதிகமான கதவு என்றால் தீக்குச்சி வேண்டாம். 8 அல்லது 10 மி.மீ. துளையிட்டு, அதே கனத்தில் கடின மரக் குச்சியை வெள்ளைப் பசை தடவி அடித்து இறக்குங்கள். ஒரு நாள் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை உளியால் சமமாகச் சீவிவிடுங்கள். பிறகு நடுவில் முன்துளை போட்டு ஸ்க்ரூவை ஏற்றுங்கள்.

முன்துளை போடாமல் யாரும் ஸ்க்ரூ ஏற்றாதீர்கள். ஸ்க்ரூவின் மரையை விட்டுவிட்டு, நடுத்தண்டு எவ்வளவு கனமோ அவ்வளவு கனத்தில் துளை இருக்க வேண்டும். டிரில் பிட்டை ஸ்க்ரூவுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். பிட் தண்டை மறைத்து, இருபுறமும் மரை மட்டும் தெரிந்தால் அளவு சரி. பித்தளை ஸ்க்ரூ என்றால் முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏற்றி இறக்கி வழி செய்துகொண்டு, பித்தளையில் மெழுகு தேய்த்து ஏற்றுங்கள். பித்தளை மென்மையானது, தலை முறிந்தால் உள்ளே இருப்பதை எடுப்பது பெரும்பாடு.

ஐயா, நான்கு அடி நீளப் புத்தக அலமாரி. 18 மி.மீ. பிளைவுட் தட்டுகள் நடுவில் தொய்ந்துவிட்டன. பலகை மட்டமா?

பலகையைக் குறை சொல்ல மாட்டேன், நீளம்தான் அதிகம். எடை அதே இருக்க, தாங்கிகளுக்கு நடுவிலுள்ள நீளம் இரட்டிப்பானால் தொய்வு 8 மடங்காகும். புத்தகத் தட்டில் நீளம் கூடும்போது புத்தகமும் கூடுவதால் நிஜத்தில் 16 மடங்கு. தடிமனுக்கும் இதே கணக்கு எதிர்த்திசையில் ஓடும். தடிமன் இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒரு பங்குதான். 18 மி.மீ. பலகையில் புத்தகம் வைப்பதென்றால் நான் 75 செ.மீ. இடைவெளியைத் தாண்ட மாட்டேன்.

உங்கள் அலமாரியைப் பிரிக்க வேண்டியதில்லை. தட்டைக் கழற்றி, தொய்ந்த பக்கம் மேலே வருமாறு திருப்பிப் போடுங்கள். முன்விளிம்பில் 18 மி.மீ. கனமும் 40 மி.மீ. உயரமும் உள்ள மரப் பட்டையைச் செங்குத்தாகப் பசையும் ஸ்க்ரூவும் போட்டுப் பிடியுங்கள். அப்படி நிறுத்திய ஒரு சின்னப் பட்டை, 25 செ.மீ. அகலத் தட்டு முழுவதும் தருகிற விறைப்பில் முக்கால் பங்கைத் தனியாகவே தந்துவிடும். அதையே படுக்கவைத்து ஒட்டினால் பிரயோஜனமில்லை. பின்விளிம்புக்குச் சுவரில் ஒரு ரீப்பர் (ஒல்லியான மரச் சட்டம்) அடித்துத் தாங்கவிடுங்கள். ரீப்பரைப் பிடிக்கும் பிளக், பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போயிருக்க வேண்டும். பூச்சில் மட்டும் நிற்கும் பிளக், தட்டு நிறைந்த அன்றே கையோடு வந்துவிடும்.

சமையல் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரி பார்ட்டிகிள் போர்டு. தண்ணீர் பட்டு உப்பிவிட்டது. காயவைத்து அழுத்தினால் பழையபடி ஆகுமா?

ஆகாது. உள்ளே துகள்களின் பிணைப்பே விட்டுப்போயிருக்கும். குழாய்க் கசிவை முதலில் நிறுத்துங்கள். அந்தப் பலகையை மாற்றும்போது நீர் தாங்கும் பிளைவுட் போட்டு, வெட்டிய விளிம்புகளை எல்லாம் அடைத்துவிடுங்கள்.

கட்டை மரத்தில் மேசை செய்தேன். ஒரு வருஷத்துக்குள் மேற்பலகை நடுவில் நீளமாகப் பிளந்துவிட்டது. பட்டி (புட்டி) வைத்து அடைக்கலாமா?

தயவுசெய்து பட்டி வைக்காதீர்கள். கேட்டதும் முதலில் எனக்குத் தோன்றியது, மேற்பலகையை அடிச்சட்டத்தோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பீர்கள் என்பதுதான். ஒரு மீட்டர் அகல மரம் பருவத்துக்குப் பருவம் சில மில்லிமீட்டர் அகன்று சுருங்குவது சாதாரணம். குறுக்கே ஓடும் சட்டமோ தன் நீளவாக்கில் அசையாது. இரண்டையும் இறுகப் பிணைத்தால் சுருங்க வழியில்லாத பலகை கிழியத்தான் செய்யும். காய்ந்த நாளில் பட்டி வைத்து அடைத்தால், ஈர நாளில் பலகை உப்பும்போது பட்டியே ஆப்பாக நின்று பிளவை இன்னும் நீட்டும்.

எல்லா ஸ்க்ரூவையும் கழற்றுங்கள். சில வாரம் சும்மா விடுங்கள், பிளவு ஓரளவு தானாகவே சேரலாம். மிச்சமிருப்பதைப் பசையிட்டு கிளாம்ப் போட்டு மூடுங்கள். திரும்பப் பொருத்தும்போது அடிச்சட்டத்தில் உள்ள துளைகளை, பலகையின் அகலவாக்கில் நீள்வட்டமாக அகலப்படுத்திவிட்டு, வாஷரோடு ஸ்க்ரூ போடுங்கள். நடுத்துளையை மட்டும் வட்டமாகவே விடலாம். நடு நிலையாக நிற்கும், இரண்டு பக்கமும் தாராளமாக அசையும். வார்னிஷ் அடிக்கும்போது அடிப்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அடைத்த பலகை வளையும்.

அண்ணே, பழைய நாற்காலி ஆடுகிறது. மூட்டில் ஆணி அடித்தேன், ஒரு மாதத்தில் மறுபடி ஆடுகிறது.

நாற்காலி மூட்டில் ஆணி வேண்டாம். நாம் பின்னால் சாயும் ஒவ்வொரு தடவையும் ஆணி தன் துளையைப் பெரிதாக்கும், கழுந்தையும் (துளைக்குள் சொருகியிருக்கும் மர முனையையும்) பிளக்கும். ஆணியைப் பிடுங்கி, ஆடும் மூட்டைக் கொட்டாப்புளியால் தட்டிக் கழற்றுங்கள். எந்தக் கால் எங்கே என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பசையைச் சுரண்டி எடுப்பதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. வெள்ளைப் பசை, காய்ந்த வெள்ளைப் பசைமேல் சரியாக ஒட்டாது. வெதுவெதுப்பான வினிகரில் ஊறவைத்தால் இளகும். மரத்தை எடுத்துவிடாமல் பசையை மட்டும் எடுங்கள்.

கழுந்து துளைக்குள் தளர்வாக இருந்தால், இழைத்த மெல்லிய மரச் சீவலைக் கழுந்தைச் சுற்றி ஒட்டிக் கனம் கூட்டுங்கள். கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், தானாக நழுவக் கூடாது. அதுதான் பதம். பசை போட்டு மூட்டிய பின் கிளாம்ப் இல்லாவிட்டால், கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி நடுவில் ஒரு குச்சி விட்டு முறுக்குங்கள். சமதரையில் நான்கு காலும் படிகிறதா என்று பார்த்து, ஒரு நாள் முழுக்க யாரும் உட்காராமல் விடுங்கள்.

ரம்பத்தால் பிளைவுட் வெட்டினால் விளிம்பெல்லாம் சிராய் பெயர்ந்து அசிங்கமாகிறது. என்ன செய்யலாம்?

பல் எந்தப் பக்கம் வெளியேறுகிறதோ அந்தப் பக்கம்தான் பெயரும். கைரம்பம் கீழ்நோக்கித் தள்ளும்போது வெட்டும், அதனால் நல்ல முகம் மேலே இருக்கட்டும். கையில் பிடித்து ஓட்டும் மின் வட்ட ரம்பத்தில் பல் கீழிருந்து மேலே வருகிறது, அங்கே நல்ல முகம் கீழே. எதுவானாலும் வெட்டுக்கோட்டில் கூரான கத்தியை மூலைமட்டத்தோடு சேர்த்து ஒருமுறை இழுத்து மேல் ஏட்டை அறுத்துவிட்டு, கோட்டுக்கு வெளியே ரம்பம் ஓட்டுங்கள்.

கட்டிலுக்குக் கீழே மாவு போலத் தூள் கொட்டுகிறது. கரையானா?

மெல்லிய மாவாக இருந்து, மரத்தில் 1 அல்லது 2 மி.மீ. குண்டூசித் துளைகள் தெரிந்தால் அது வண்டு. மண் குழாய் கட்டி வந்தால் கரையான். உலர் மரக் கரையானும் உண்டு, அதன் எச்சம் நெருடலான குருணையாக இருக்கும்.

இந்த வண்டுக்கு வேண்டியது வெளிறில், அதாவது மரத்தின் வெளிப்புற இளம் பகுதியில், உள்ள மாவுச்சத்து. வைரத்தில், அதாவது நடுவிலுள்ள முற்றிய பகுதியில், அதற்கு வேலையில்லை. மூங்கிலையும் விடாது. முதலில் துளைகளைத் துடைத்து, கீழே கறுப்புத் தாள் விரித்துச் சில வாரம் பாருங்கள். புதுத் தூள் விழவில்லை என்றால் பழைய சேதம், பயம் வேண்டாம். விழுந்தால், சின்னச் சட்டமாக இருக்கும்பட்சத்தில் வைரம் பாய்ந்த மரத்தால் மாற்றிவிடுவதே என் யோசனை. வைத்துக்கொள்வதானால் வார்னிஷைச் சுரண்டி வெறும் மரமாக்கிப் போரேட் (போரான் உப்பு) கரைசலை இரண்டு மூன்று முறை ஊறவிடுங்கள். வார்னிஷ் மேல் அடித்தால் உள்ளே இறங்காது. கையுறை போடுங்கள், குழந்தைகளை விலக்கி வையுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி வார்னிஷ் அடியுங்கள். அந்த மூடின மேற்பரப்பில் வண்டு முட்டையிட முடியாது.

குளியலறை நிலைக்கால் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மக்கிவிட்டது. முழு நிலையையும் பெயர்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. திருப்புளியால் குத்திக்கொண்டே மேலே போங்கள். முனை இறங்காத இடம் வந்ததும், அதற்கும் மேலே 10 செ.மீ. விட்டு வெட்டுங்கள். வெட்டு நேராக வேண்டாம், ஈரம் படும் பக்கம் தாழ்ந்திருக்குமாறு சாய்வாக இருக்கட்டும். மூட்டில் தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும். அதே குறுக்களவில் காய்ந்த மரத் துண்டைச் செய்து, வெட்டு முகங்களில் எபாக்ஸியை (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் பசை) ஒரு தடவை பூசி ஊறவிட்டு, மறுபடி பூசிச் சேர்த்து, துருப்பிடிக்காத ஸ்க்ரூவால் இறுக்குங்கள். புதுத் துண்டின் அடிமுனையை எபாக்ஸியால் அடைத்து, தரையைத் தொடாமல் 5 மி.மீ. தூக்கி நிறுத்தி, அந்த இடைவெளியை சிலிகானால் மூடுங்கள்.

மக்கவைக்கும் பூஞ்சைக்கு மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். ஆகவே தண்ணீர் எங்கிருந்து வந்து நிற்கிறது என்று கண்டுபிடிக்காமல் புது மரம் வைத்தால், அதுவும் மக்கும்.

மேசைக்கு லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் பூசப் போகிறேன். கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிசுபிசுவென்று நிற்கும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு வெளிவரும், சுருட்டிய துணிக்குள் அது தேங்கித் தானாகத் தீப்பற்றும். வெளியே கொடியில் ஒற்றையாக விரித்து விறைப்பாகும் வரை காயவிட்டோ, தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் வைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும். வேலை முடிந்த களைப்பில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.