எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது?

பழைய கார்களின் பிரேக், ஏபிஎஸ் (அழுத்திப் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), டிராக்‌ஷன் எச்சரிக்கை விளக்குகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

என் கார் 2011 மாடல் டீசல் ஹேட்ச்பேக். 20, 30 கி.மீ. ஓடிய பிறகு, பெரும்பாலும் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் போய்விடுகிறது. சில நாள் வருவதே இல்லை. ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், தாராபுரம்

இப்போதைக்கு வேண்டாம். குலுங்கும்போது வருகிற விளக்கு முதலில் காட்டுவது ஒயரையும் கனெக்டரையும்தான். ஏபிஎஸ்ஸில் அதிகம் அடிபடும் பகுதி சக்கர வேக சென்சாரும் அதன் ஒயரும். சேறு, தண்ணீர், கல் எல்லாம் அங்கேதான் படுகின்றன. ஸ்டியரிங் திரும்பும்போதும் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போதும் அந்த ஒயர் மடங்கி மடங்கி நிமிர்கிறது. மேலே உறை முழுசாக இருக்கும்; உள்ளே செம்புக் கம்பி அறுந்து, தொட்டும் தொடாமலும் நிற்கும். அதனால்தான் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை.

ஸ்பேனரை எடுக்கும் முன் பேட்டரியைப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது 12.4 முதல் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், ஏபிஎஸ் கம்ப்யூட்டர் அதையே ஒரு கோளாறாகப் பதிந்துகொள்ளும்.

அடுத்தது ஸ்கேனர். போனோடு இணைக்கும் மலிவான ரீடர்கள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை (கம்ப்யூட்டர் பதியும் கோளாறுக் குறியீடுகளை) மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் கம்ப்யூட்டரைத் திறந்து படிக்கிற ஸ்கேனர் வேண்டும். அந்தக் கோளாறுக் குறியீட்டை எழுதிவைத்துக்கொள்ளாமல் யாரையும் அழிக்க விடாதீர்கள். எந்தச் சக்கரம், எந்த வேகத்தில் என்ற தகவல் அதில் பதிவாகியிருக்கலாம். அழித்துவிட்டால் அது அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஸ்கேனரில் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் பார்க்கட்டும். நேர்ச்சாலையில் 40 கி.மீ. வேகத்தில் நான்கும் ஒன்றிரண்டு கி.மீ. வித்தியாசத்துக்குள் ஒட்டி வர வேண்டும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. வேகத்தடையில் ஏறும்போது ஒன்று மட்டும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால், அந்தச் சக்கரம்தான்.

இனி அந்தச் சக்கரத்துக்கு மட்டும் வேலை. சாவியை அணைத்து, ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். சென்சாரில் தொடங்கி வீல் ஆர்ச்சுக்குள் ஒயர் போகும் இடம்வரை விரலால் தடவிப் பாருங்கள். ஷாக் அப்சார்பரில் ஒயரைப் பிடித்திருக்கும் கிளிப் உடைந்திருக்கிறதா, டயரில் உரசிய தடம் உண்டா, கனெக்டருக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

பழைய வகை சென்சாருக்குள் காந்தமும் சுருளும் இருக்கும். எதிரே பல் வெட்டிய இரும்பு வளையம் சுற்றும். இதை மல்டிமீட்டரில் ஓம் பார்க்கலாம். பெரும்பாலானவை 800 முதல் 2,000 ஓம்வரை காட்டும். அந்த எண்ணைவிட முக்கியம், அதே அச்சின் மறுபக்க சென்சாரும் ஏறக்குறைய அதே அளவைக் காட்டுவது. மீட்டரை இணைத்தபடியே ஒயரை அங்குலம் அங்குலமாக மடக்கி, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்புங்கள். எண் துள்ளினால் அறுந்த இடம் கையில் சிக்கிவிட்டது. ஓம் சரியாக இருந்தால் மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டுக்கு மாற்றி, நொடிக்கு ஒரு சுற்று வீதம் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். 100 மில்லிவோல்ட் அளவிலாவது சீராக வர வேண்டும்.

புதிய வகை சென்சாருக்கு மின்சாரம் வெளியிலிருந்து போகிறது. அதில் ஓம் பார்க்கக் கூடாது. எண் அர்த்தமில்லாமல் வரும், சென்சாரும் கெடலாம். கனெக்டரைக் கழற்றி, சாவியைப் போட்டு, வண்டிப் பக்க முனையில் சப்ளை வருகிறதா என்று மட்டும் பாருங்கள். பல் வளையம் கண்ணில் படாமல், வீல் பேரிங்கின் சீலிலேயே காந்த வளையம் இருந்தால் அது புதிய வகை. மற்றபடி மேனுவலைப் பார்த்து உறுதி செய்வதே நல்லது.

பல் வளையத்தை விட்டுவிடாதீர்கள். சக்கரத்தை மெல்ல ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். டிரைவ் ஷாஃப்டில் ஏற்றிய வளையம் துருவால் ஓரிடத்தில் விரிசல் விட்டால் அங்கே இரு பற்களின் இடைவெளி மட்டும் அகன்று தெரியும். அதற்கென்று ஓர் அறிகுறி உண்டு: நிற்கப்போகும் நேரத்தில், 10, 15 கி.மீ. வேகத்தில், காய்ந்த சாலையிலும் பெடல் கடகடவென்று உதைக்கும்.

சென்சாரைக் கழற்ற நேர்ந்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். அதன் உடல் பிளாஸ்டிக். துருவில் இறுகியிருந்தால் உடைந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். துரு இளக்கும் எண்ணெய் தெளித்து ஊறவிட்டு, இடவலமாக அசைத்து எடுங்கள். துளையை எமரியால் தேய்த்து, தூள் மிஞ்சாமல் துடையுங்கள். அடியில் துரு தங்கினால் சென்சார் தூக்கி நின்று, பல்லுக்கும் அதற்கும் உள்ள 1 மி.மீ. அளவான இடைவெளி கூடிவிடும். சிறிய போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும்.

ஒயர் அறுந்திருப்பது மடங்கும் பகுதியில் என்றால் ஒட்டுப் போடாதீர்கள். சால்டர் வைத்த இடம் விறைத்து, அதன் ஓரத்தில் மறுபடி அறுக்கும். சென்சாரோடு ஒயரையும் மாற்றுங்கள். சோதிப்பதற்காக ஊசியால் உறையைக் குத்துவதும் வேண்டாம். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும்.

பம்பும் வால்வுகளும் அடங்கிய யூனிட்டைச் சந்தேகிக்கவும் இடம் உண்டு. கோடு ஒரு சக்கரத்தைச் சொல்லாமல் பம்ப் மோட்டாரையோ வால்வையோ சொல்லி, ஃப்யூஸ், சப்ளை, எர்த் மூன்றும் சரியாக இருந்தால் யூனிட்டைக் கழற்றலாம். பம்ப் ஓடும் நேரத்தில் யூனிட்டின் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் எர்த்தில். அந்த போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி இறுக்குவதற்குச் செலவே இல்லை.

வளைவில் திரும்பும்போதும் அழுத்திப் பிரேக் போடும்போதும் சிவப்பு விளக்கு மின்னி மறைகிறது. ஹேண்ட் பிரேக் நன்றாகத்தான் இறங்கியிருக்கிறது.
– வாசகர், கும்பகோணம்

பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. டப்பாவுக்குள் மிதவை ஒன்று உண்டு. ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது அது இறங்கி விளக்கைப் போடுகிறது. உடனே ஊற்றி நிரப்பிவிடாதீர்கள், ஏன் குறைந்தது என்று முதலில் பாருங்கள். பிரேக் பேட் தேயத் தேய, அதை அழுத்தும் கேலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த அளவுக்கு ஆயில் இறங்கும். பேட் 3 மி.மீ.க்கு வந்திருந்தால் காரணம் அதுதான். தேய்ந்த பேட்டோடு மேல்கோடுவரை நிரப்பினால், புதுப் பேட் போடும் நாளில் ஆயில் வழிந்து பெயிண்ட்டை அரிக்கும்.

பேட் தடிமனாக இருந்தும் ஆயில் குறைந்தால் எங்கோ கசிகிறது. பின்பக்க டிரம்முக்குள் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நீக்கிப் பாருங்கள், ஹோஸ்களைப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பின்புறம் கசிந்தால் ஆயில் பூஸ்டருக்குள் போய்விடும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. பலரும் மறப்பது கிளட்ச்சை. நிறைய கார்களில் கிளட்ச்சுக்கும் ஆயில் இதே டப்பாவிலிருந்துதான் போகிறது. கிளட்ச் சிலிண்டர் கசிந்தாலும் எரிவது பிரேக் விளக்குதான்.

மூடியில் எழுதியுள்ள வகையையே ஊற்றுங்கள். டாட் 3, டாட் 4 என்றால் அதுவே. சிலிக்கோன் ஆயிலான டாட் 5 ஏபிஎஸ் வண்டிக்கு ஆகாது. பவர் ஸ்டியரிங் ஆயில் தவறிப் பட்டாலும் ரப்பர்கள் ஊதிப்போகும்.

ஆயில் சரியான அளவில் இருந்தும் விளக்கு வந்தால் டப்பாவின் கனெக்டரைக் கழற்றுங்கள். பெரும்பாலான கார்களில், விளக்கு அணைந்தால் மிதவை கெட்டது. அணையாவிட்டால் ஹேண்ட் பிரேக்கின் அடியில் உள்ள சுவிட்ச்.

முன் வீல் பேரிங் மாற்றிய மறுநாளிலிருந்து, வண்டி 15, 20 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ஏபிஎஸ் விளக்கு வருகிறது. சென்சார் புதிதாகப் போட்டும் போகவில்லை.
– வாசகர், வேளச்சேரி

பேரிங்கைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். காந்த வளையம் உள்ள முகம் சென்சாரைப் பார்த்திருக்க வேண்டும். மாறிவிட்டால் சென்சாருக்கு எதிரே வெறும் சீல்தான் இருக்கும். மூன்று சக்கரம் ஓட, ஒன்று பூஜ்யம் காட்டும். கம்ப்யூட்டர் அந்த வேகத்தில் விளக்கைப் போட்டுவிடும். வருந்தத்தக்க விஷயம், பிரஸ்ஸில் தள்ளிக் கழற்றிய பேரிங்கை மறுபடி போட முடியாது. குண்டுகளும் பாதையும் அடிபட்டிருக்கும். புதியதே வாங்க வேண்டும். மாட்டும் முன் ஒரு குண்டூசியை இரு முகத்திலும் காட்டிப் பாருங்கள், லேசாக ஈர்க்கும் முகமே காந்த முகம். வலுவான காந்தம் எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

பழைய செடானில் டிராக்‌ஷன் விளக்கு விட்டு விட்டு எரிகிறது, ஏபிஎஸ் விளக்கு வருவதில்லை.
– வாசகர், கோவை

சக்கர சென்சாரில் கோளாறு என்றால் பொதுவாக இரண்டும் சேர்ந்தே எரியும். ஆகவே வேறு இடத்தில் தேடுங்கள். முதலில் இன்ஜின் கோடுகள்: சக்கரம் வழுக்கும்போது இன்ஜினின் இழுவையைக் குறைப்பதுதான் டிராக்‌ஷனின் வேலை, எனவே இன்ஜினில் கோளாறு வந்தால் பல கார்கள் அதை நிறுத்தி வைக்கும். அடுத்து பெடலுக்கு மேலுள்ள பிரேக் சுவிட்ச். காலை எடுத்த பிறகும் பின்பக்க பிரேக் விளக்கு எரிகிறதா என்று இரவில் சுவரோரம் நிறுத்திப் பாருங்கள். விலை குறைந்த பாகம், ஆனால் பெரிய குழப்பம் செய்யும். மூன்றாவது, வீல் அலைன்மென்ட். நேராக ஓடும்போது ஸ்டியரிங் சாய்ந்திருந்தால், வண்டி திரும்புவதாகக் கம்ப்யூட்டர் நினைக்கும். ஸ்டியரிங்கை நேராக்கி, ஸ்கேனரில் பூஜ்யம் பதிய வேண்டும். புது டயர் ஒன்றும் தேய்ந்த டயர் மூன்றுமாக ஓட்டுவதும் வேண்டாம். டயர்ப் பட்டையின் ஆழம் 8 மி.மீ. இருப்பதற்கும் 2 மி.மீ. இருப்பதற்கும் சுற்றளவில் ஏறக்குறைய 2 சதவீதம் வித்தியாசம் வரும்.

பேட்டரி விளக்கும் பிரேக் விளக்கும் சேர்ந்து மங்கலாக எரிகின்றன.
– வாசகர், காரைக்குடி

பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். பல பழைய ஜப்பானிய கார்களில் சார்ஜ் விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே சுற்றில் இணைந்திருக்கும். அதன் டையோடோ கார்பன் பிரஷ்ஷோ போனால் இரண்டும் எரியும். பிரேக்கில் கைவைக்க வேண்டியதில்லை.

ஏபிஎஸ் விளக்கு எரிந்தபடியே கொல்லிமலை போய் வரலாமா?
– வாசகர், நாமக்கல்

மஞ்சள் மட்டும் என்றால் சாதாரண பிரேக் அப்படியே இருக்கிறது. ஈரத்தில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து எரிந்தால் நிலைமை வேறு. முன்பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைப் பங்கிடும் இபிடி நின்றிருக்கலாம். அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழலும். அந்த நிலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்காதீர்கள். சிவப்பு எரிந்து பெடலும் மென்மையாக இறங்கினால் ஓட்டவே வேண்டாம். விளக்கு எதுவும் இல்லாவிட்டாலும் ஆயிலின் வயதைக் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அது 155 டிகிரிவரை இறங்கலாம். 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள், இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வாருங்கள்.

பழைய கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஏபிஎஸ் விளக்கு சாவி போட்டாலும் எரிவதில்லை. நல்லதுதானே?
– வாசகர், திருநெல்வேலி

நல்லதல்ல. சாவி போட்டதும் அது எரிந்து, சில நொடிகளில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், அல்லது கோளாறை மறைக்க யாரோ கழற்றியிருக்கலாம். இன்ஜின் ஆயில் விளக்கு அணையும் அதே நொடியில் ஏபிஎஸ் விளக்கும் அணைகிற வண்டிகளிலும் சந்தேகப்படுங்கள்; இரண்டையும் ஒரே ஒயரில் கட்டியிருப்பார்கள். ஸ்கேனர் போட்டு ஏபிஎஸ் கம்ப்யூட்டர் பதில் சொல்கிறதா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.