அம்மாவோட உதவித்தொகை நின்னு போச்சு, கேட்டா எரிஞ்சு விழுறாங்க

கேள்வி: எங்கம்மாவுக்கு 71 வயசுங்க. ஏற்காடு எஸ்டேட்ல காபி பழம் பறிச்சே கைரேகை தேஞ்சு போச்சு. மூணு மாசமா முதியோர் உதவித்தொகை வரல. மலையிறங்கி பஸ்ல வந்து ஆபீஸ்ல கேட்டா, உட்காருன்னு கூட சொல்லாம “ரேகை விழலன்னா நான் என்ன பண்றது, அடுத்த வாரம் வா”ன்னு ஒருமையில பேசுறாங்க. என்ன பண்ணலாம்?
- ஒரு வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: படிச்சதும் மனசு வலிக்குதும்மா. அது யாரும் போடுற பிச்சை இல்ல, அம்மாவுக்கு சேர வேண்டிய பணம், 2023 ஆகஸ்ட்ல இருந்துதான் மாசம் 1,000 ரூபாய 1,200 ஆக்குனாங்க. ஆபீஸ்ல வேலை அதிகம்தான், ஆனா அதுக்காக வயசானவங்கள நிக்க வெச்சு வா போன்னு பேசறத என்னால ஏத்துக்கவே முடியல.

இனிமே வாய்ல கேக்காதீங்க, எழுதிக் குடுங்க. ஆதார்ல கருவிழியும் பதிவாகியிருக்கும், அத வெச்சு சரிபாருங்கன்னு மனுவுலயே எழுதி, ரசீது வாங்காம வராதீங்க. அசையலன்னா திங்கக்கிழமை சேலம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல குடுங்க, இல்ல முதலமைச்சர் உதவி மைய நம்பர் 1100-க்கு போன் போடுங்க. கூடவே 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல எந்த தேதியில, யார் உத்தரவுல, எதுக்கு நிறுத்துனீங்கன்னு கேளுங்க, 30 நாள்ல பதில் தரணும். பாஸ்புக்ல கடைசியா பணம் ஏறின பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து எல்லா மனுவோடயும் வைங்க.