வலை அடித்த விறாந்தையை மூடி ஏசி பூட்டலாமா?

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீடு. முன் விறாந்தை கடற்பக்கம், கிழக்கே பார்த்தது. இருபது அடி நீளம், ஒன்பது அடி அகலம், சீற் கூரை. இரும்புச் சட்டத்தில் நுளம்பு வலை அடித்திருக்கிறோம். மாரியில் தூவானம் அடித்து நிலமெல்லாம் ஈரம். சட்டமும் கறள் பிடித்துவிட்டது. கட்டாரில் இருக்கும் என் கணவர், அலுமினியமும் கண்ணாடியும் போட்டு மூடி ஏசி பூட்டினால் பிள்ளைகளுக்குப் படிக்க ஓர் அறை கிடைக்கும் என்கிறார். மாமி மூடவே வேண்டாம் என்கிறார். பகல் முழுக்க அவர் இருப்பது அங்கேதான். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: சகோதரி, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை முதலில் கேட்கிறேன். விறாந்தைக்குப் பின்னால் உள்ள அறைகளின் யன்னல்கள் எங்கே திறக்கின்றன? நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் முன் அறையின் யன்னலும் ஹோலின் கதவும் விறாந்தைக்குள்தான் திறக்கும். உங்கள் வீடும் அப்படியென்றால், கண்ணாடி பூட்டுகிற அன்றே அந்த அறைகளின் யன்னலையும் அடைத்துவிடுகிறீர்கள். முடிவு எடுக்கும்போது இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்க வேண்டும்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையை இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டு வருகிறது. அந்த மாதங்களில் வீட்டை ஆற்றுவது மத்தியானத்துக்குப் பின் எழும்பும் கடற்காற்று. அது கிழக்கிலிருந்து, உங்கள் விறாந்தை வழியாகத்தான் உள்ளே வருகிறது. கச்சான் பலமாக வீசும் நாளில் கடற்காற்று எழும்பப் பிந்தும். அப்போது மேற்கு யன்னலால் நுழையும் காற்று வெளியேறுவதும் இதே விறாந்தையால்தான். போக வழியில்லாத வீட்டுக்குள் காற்று நுழையாது. மாமி பகலில் அந்த இடத்தை விடாததற்கு நல்ல காரணம் இருக்கிறது.

இனிக் கண்ணாடி. கிழக்கு முகத்தில் காலை வெயில் தாழ்வாகச் சரிந்து வரும், தாழ்வாரம் அதை மறைக்காது. தெளிந்த கண்ணாடி வெயிலின் பெரும்பகுதியை உள்ளே விடும். உள்ளே சூடான நிலமும் கதிரையும் விடுகிற வெக்கையை வெளியே விடாது. வலையென்றால் அந்த வெக்கை காற்றோடு போய்விடும். பத்து மணிக்குப் பிறகு கூரை தன் வேலையைத் தொடங்கும். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நமக்குச் சூரியன் நேர் உச்சியில். சீலிங் இல்லாத சீற்றின் கீழே மத்தியானம் கையை உயர்த்திப் பிடித்தால், தொடாமலே சூடு தெரியும்.

இப்படி ஓர் இடத்தை ஏசியால் குளிராக்குவது கரண்ட் பில்லை வலியப்போய் வாங்குவதுதான். 180 சதுர அடி, மூன்று பக்கம் கண்ணாடி, மேலே சீற் என்றால் 18,000 பி.டி.யூ. (குளிராக்கும் திறனின் அளவு) ஏசி கேட்கும். அது முழு வேகத்தில் ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட். பின்னேரம் நாலு மணித்தியாலம் போட்டாலே மாதம் 150 யூனிட்டைத் தாண்டும். வீட்டுப் பாவனைக்கான கட்டணம் யூனிட் கூடக்கூட ஏறும் படிமுறை. ஏற்கனவே எரிகிற யூனிட்டோடு இது சேர்ந்தால் 180க்கு மேலுள்ள உச்சப் படிக்குப் போய்விடுவீர்கள். சாதாரண சீலிங் ஃபேன் பத்து மணித்தியாலம் சுற்றினாலும் முக்கால் யூனிட்தான்.

என் சொல்லை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். கடையில் தடித்த வெள்ளைப் பொலித்தீன் வாங்கி, வலைக்கு மேலால் மூன்று பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். வெயில் காலத்தில் ஒரு கிழமை அப்படியே இருங்கள். விறாந்தை எப்படி இருக்கிறது என்பதோடு, இரவில் முன் அறையில் படுப்பவருக்கு எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். அதை வீடியோ கோலில் கணவருக்குக் காட்டுங்கள். ஆயிரக்கணக்கில் முடிகிற பரீட்சை, இலட்சக்கணக்கில் போகிற காசைக் காப்பாற்றும்.

நான் செய்யச் சொல்வது இது. பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்பது நியாயமான தேவை. விறாந்தையின் வடக்குத் தலைப்பில் எட்டு அடியை மட்டும் பிரித்து, கல் வைத்துக் கட்டி, சீலிங் அடித்து, ஒரு நல்ல யன்னலோடு உண்மையான அறையாக்குங்கள். மாரி மழை வடகிழக்கிலிருந்து சரிந்து அடிப்பதால், அந்த அறையின் சுவரே மிச்ச விறாந்தைக்கு மறைப்பாகவும் நிற்கும். பிறகு ஏசி வேண்டுமென்றாலும் 9,000 பி.டி.யூ. போதும். அந்தத் தலைப்பில் ஓர் அறையின் ஒரே யன்னல் இருந்தால் மட்டும், அறையைத் தெற்குத் தலைப்புக்கு மாற்றுங்கள்.

மிச்சப் பன்னிரண்டு அடியும் வலையாகவே இருக்கட்டும். இரண்டரை அடிக்கு அரைச்சுவர் எழுப்புங்கள். தாழ்வாரத்தை இன்னும் இரண்டடி நீட்டுங்கள். தூவானம் உள்ளே வருவதற்குப் பெரும்பாலும் தாழ்வாரம் குட்டையாக இருப்பதுதான் காரணம். கடும் மழைக்கு மட்டும் இறக்கிவிடச் சுருட்டுத் தறப்பாள் போதும். நிலத்தையும் பாருங்கள். ஒரு வாளி தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். விறாந்தை நிலம் வழக்கமாக வெளிப்பக்கம் சரிந்திருக்கும்; அரைச்சுவர் கட்டும்போது அடியில் துவாரம் விடாவிட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும்.

கடலுக்கு இவ்வளவு கிட்டே இரும்புச் சட்டம் மறுபடி வேண்டாம். பவுடர் கோட் செய்த அலுமினியச் சட்டம், அதில் ஃபைபர் வலை. காசு இடம்கொடுத்தால் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை. கடையில் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் சொன்னால் 304 தருவார்கள். அது உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாகக் கறள் பிடிக்கும். அங்குலத்துக்கு 16க்கு 18 கண் உள்ள வலை நுளம்பைத் தடுக்கும். அதைவிட நெருக்கமாக எடுத்தால் காற்றும் குறையும். பழைய வலையில் விரலால் இழுத்துப் பாருங்கள், கச்சான் புழுதியும் உப்பும் சேர்ந்து ஒரு பொருக்காக வரும். பாதிக் காற்றை மறிப்பது அதுதான். மாதம் ஒரு தரம் குழாய்த் தண்ணீரும் மெல்லிய பிரஷுமாக உள்ளிருந்து வெளியே கழுவுங்கள்.

டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, காலையிலும் பொழுது சாய முன்னரும் அதிகம். அதனால் வலைக் கதவு தானாகச் சாத்துகிற மாதிரி ஸ்பிரிங் போடுங்கள். கூரைப் பீலியில் தண்ணீர் தேங்கினால் வலை அடித்தும் பயனில்லை.

கூரையில் அசட்டை வேண்டாம். 1978 நவம்பர் 23 சூறாவளியை மாமியிடம் கேட்டால் கூரைகள் போன கதை சொல்வார். விறாந்தைக் கைமரமும் வீட்டுக் கைமரமும் ஒரே நீட்டாக இருந்தால், காற்று விறாந்தைக் கூரையைக் கிளப்பும்போது வீட்டுக் கூரையையும் சேர்த்து இழுக்கும். இரண்டையும் பிரித்து, ஒவ்வொரு கைமரத்தையும் நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டுப் பட்டியால் வளையோடு கட்டச் சொல்லுங்கள். வெறும் ஆணி போதாது. சீற் அஸ்பெஸ்டஸ் என்றால் நனைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும், துளைக்க வேண்டும். அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. பிள்ளைகளை அன்றைக்கு வேறு வீட்டில் விடுங்கள்.

அறை கட்டுவதென்றால் மாநகர சபையில் முதலே கேளுங்கள், வீதிக் கோட்டுக்கு விட வேண்டிய இடம் குறைந்தால் பிறகு சிக்கல். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி பற்றியும் விசாரியுங்கள். விறாந்தையில் ஜெனரேற்றரோ காஸ் சிலிண்டரோ வைத்திருந்தால் வேலை தொடங்க முன்னரே வெளியே எடுங்கள். அரைகுறையாக மூடிய இடத்தில் ஜெனரேற்றர் புகையிலுள்ள மணமில்லாத நச்சு வாயு ஆளைக் கொல்லும்.

வேலையை மாரி ஓய்ந்தபின், பெப்ரவரி கடைசியில் அல்லது மார்ச்சில் தொடங்குங்கள். ஒக்டோபரில் கூரையைக் கழற்றினால் மேசன் வராத நாளில் மழை வந்துவிடும். பொலித்தீன் பரீட்சையை மே, ஜூனில் செய்து பார்த்துவிட்டு அடுத்த மார்ச்சில் கட்டினாலும் பிந்திப்போகாது. அதற்குள் வலையையும் கறள் பிடித்த சட்டத்தையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.