பரிசும் அபராதமும் புகையிலையை விட வைக்குமா?

கேள்வி: ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் பணியாற்றுகிறேன். ஊழியர்களில் பலர் புகைக்கிறார்கள். சிலர் புகையிலை மெல்லுகிறார்கள். பழக்கத்தை விட்டவர்களுக்குப் பரிசும் விடாதவர்களுக்கு அபராதமும் விதிக்கலாம் என்று நிர்வாகம் யோசிக்கிறது. இதனால் பலன் இருக்குமா?

பதில்: பரிசால் பலன் உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன ஊழியர்கள் 878 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், தகவல் மட்டும் பெற்றவர்களில் 5 விழுக்காட்டினரும், அதனுடன் படிப்படியாக 750 டாலர் வரை பெறும் வாய்ப்பும் இருந்தவர்களில் 14.7 விழுக்காட்டினரும் ஓராண்டை ஒட்டிய காலத்தில் புகைக்காமல் இருந்தனர். ஏறத்தாழ மூன்று மடங்கு என்றாலும், பரிசுக்கு வாய்ப்பிருந்தும் பெரும்பான்மையோரால் விட முடியவில்லை என்பதையும் நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள்.

அபராதத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். வளாகத்தில் புகைக்கக் கூடாது என்ற விதி பிறரது நலனுக்காக வேண்டியதுதான். ஆனால் பழக்கம் இருப்பதற்கே தண்டனை என்றால், ஊழியர் அதை மறைக்கவே பார்ப்பார், மறைப்பவர் ஆலோசனைக்கு வரமாட்டார்.

பணத்தைவிட முக்கியமானது சிகிச்சை. புகையிலையில் உள்ள, அடிமைப்படுத்தும் பொருளான நிகோட்டினை நிறுத்தியவுடன் வரும் எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் ஆகியவை முதல் வாரத்தில் கடுமையாக இருந்து, பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். ஆகவே விடும் நாளை ஊழியரே தேர்ந்தெடுக்கட்டும்; இயன்றால் அந்த வாரத்தில் அவருக்கு இரவு ஷிப்ட் போடாதீர்கள். தோலில் ஒட்டிக்கொள்ளும், சீராக நிகோட்டின் தரும் பேட்ச்சையும் திடீர் ஏக்கத்துக்கான நிகோட்டின் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது. எது பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். செலவை நிறுவனம் ஏற்று, ஆலோசனைக்கு வேலை நேரத்திலேயே அனுமதி தர வேண்டும். சுவரொட்டி ஒட்டுவதோடு நின்றுவிடும் திட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பரிசு தருவதானால், பரிசோதனை முறையைத் தொடக்கத்திலேயே தீர்மானியுங்கள். மூச்சில் கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவி அண்மையில் புகைத்ததை மட்டுமே காட்டும். புகையிலை மென்றதைக் காட்டாது. நிகோட்டின் உடலில் சிதைந்து உருவாகும் கோட்டினின் என்ற பொருளின் அளவை எச்சிலிலோ சிறுநீரிலோ பார்த்தால் மெல்லுபவரும் தெரியவருவார். ஆனால் பேட்ச் ஒட்டியிருப்பவருக்கும் கோட்டினின் காணப்படும் என்பதால், முறையாகச் சிகிச்சை பெறுபவரே பொய் சொன்னவராகத் தோன்றக்கூடும். முடிவுகள் மருத்துவப் பிரிவைத் தாண்டி மேலாளரிடம் போகக் கூடாது. ஒருமுறை தவறியவரும் திட்டத்தில் மீண்டும் சேரலாம் என்பதை விதியிலேயே எழுதிவிடுங்கள். பலருக்குப் பல முயற்சிகளுக்குப் பிறகே பழக்கம் விடுகிறது.